நகக்கண்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மகளைப் பார்க்க வேண்டுமென்றால் இந்துராணி முதலில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பச்சிளங்குழந்தைகள் வார்டு வாசலில் பியூலா சிஸ்டர் பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். "நகக்கண்ணை விட்டுட்டீங்க, மறுபடி கழுவுங்க" என்பாள். பதினோரு நாளில் கையெல்லாம் தோலுரிந்து எரிந்தது. அவ்வளவு கழுவியும், பெட்டியின் ஓட்டை வழியாகப் பாதத்தை ஒரு விரலால் தொட மட்டும்தான் அனுமதி. குழந்தையின் ரத்தத்தில் இருந்த கிருமி மூன்று மருந்துக்கும் அடங்கவில்லை. நேற்று நான்காவதை ஏற்றினார்கள்.

இன்று அவள் குழாயைத் திறந்ததுமே சிஸ்டர் வந்து தோளில் கைவைத்தாள். இதுவரை அவள் யாரையும் அப்படித் தொட்டதில்லை.

"கழுவுனது போதும்மா, வாங்க. ஊசி, டியூபெல்லாம் எடுத்தாச்சு. பாப்பாவ மடியில வச்சுக்கலாம்."

பதினோரு நாளாக இந்துராணி கெஞ்சிக்கொண்டிருந்தது அதற்குத்தான். அவள் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகக்கண்ணை விட்டுட்டேன் சிஸ்டர்" என்றாள் இந்துராணி. சோப்பை எடுத்து, முதலிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.