திருப்பத்தூர்க்காரரின் கட்டர்

“திருப்பத்தூர்க்காரருக்கு அப்படி என்ன புள்ள அவசரம்?” கடைசல் லேத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார் அரசப்பன்.

அவர் மனைவி சீதாலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “கண்டரமாணிக்கம் ரைஸ் மில்லுக்குப் பல்சக்கரம் வெட்டிக் குடுக்கணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலைன்னா வேலை மதுரைக்குப் போயிருமாம்.”

“ம்” என்றதோடு சரி, லேத் மறுபடி ஓடத் தொடங்கியது.

உண்மையில் அப்படி ஒரு திருப்பத்தூர்க்காரரே கிடையாது. சாணை பிடிக்க வந்திருந்த, பல்சக்கரம் வெட்டுகிற அந்த மில்லிங் கட்டரின் சொந்தக்காரன் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். அரசப்பனின் கூடப் பிறந்த தம்பி சிவசங்கரன்.

அறுபத்தெட்டாம் வருஷம் பாகம் பிரித்தபோது வீட்டுக் கொல்லையில் இருந்த பட்டறையையும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். லேத் அண்ணனுக்கு, மில்லிங் மிஷின் தம்பிக்கு, கிணறு ஆளுக்குப் பாதி. “நல்லதையெல்லாம் அண்ணனே அமுக்கிக்கிட்டாரு” என்று தம்பி ஒரு வார்த்தை விட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

அதுவரை கட்டர் மழுங்கினால் சாணை பிடிப்பது அண்ணன்தான். இப்போது தம்பி ஒரு சின்னச் சாணைக்கல் வாங்கி, தானே தீட்டிப் பார்த்தான். ஒரு பல் ஏறி, ஒரு பல் இறங்கி, வெட்டிய சக்கரம் கரடுமுரடாகி மில்லிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

“மிஷினை வித்துப்புட்டுக் கோயமுத்தூர்ல கூலிக்குப் போறேன் மதினி” என்று கிணற்றடியில் நின்று அவன் சொன்னபோது சீதாலட்சுமிக்கு மனசு துடித்துப்போயிற்று. அண்ணனிடம் கேள் என்றால் அவனுக்கு ரோஷம். தம்பிக்குச் செய்து கொடுங்கள் என்றால் இவருக்கு ரோஷம். அதனால் இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைச் சொல்லி வைத்தாள். அவனிடம், “திருப்பத்தூர்ல எங்க சொந்தக்காரவுக பட்டறை வச்சிருக்காக, கட்டரைக் குடு தம்பி.” இவரிடம், “நீங்க இல்லாத நேரத்துல திருப்பத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்து குடுத்துட்டுப் போனாக.”

சாணை பிடித்துக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தாள். இந்த மனுசனோ வேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கையில பிடிச்சுத் தீட்டுனா எல்லாப் பல்லும் ஒண்ணா வராது புள்ள. கட்டரைப் பிடிச்சுக்கிற மாதிரி ஒரு காலட் ஹோல்டர் பண்ணிக் குடுத்துட்டா, அவுக எடத்துலயே தீட்டிக்கிருவாக.”

உருக்குத் தண்டைக் கடைந்து, நடுவே துளை போட்டு, நீளவாக்கில் நாலாகப் பிளந்தார். நட்டை முடுக்க முடுக்க நாலும் ஒடுங்கிக் கட்டரின் காம்பை இறுக்கிக்கொள்ளும். பின்னால் ஒரு வளையம். கட்டரில் எத்தனை பல்லோ வளையத்தில் அத்தனை பள்ளம். ஒவ்வொரு பல்லும் கல்லுக்கு முன்னால் ஒரே இடத்தில் வந்து நிற்கும். சிகரெட் தாளைச் செருகி ஆட்டம் பார்த்தார். பிடிக்காமல் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் கடைந்தார்.

“ஏ புள்ள, இந்தக் காம்பு ஒரு தினுசா இருக்கே. எந்த அளவோடவும் சேரலையே?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து மெட்ராஸ் ஏலத்தில் எடுத்த மிஷினின் கட்டர் அது. “திருப்பத்தூர்ப் பக்கம் அப்படித்தானாம்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“அப்படியா? சரி, அவுக சாணைக்கல்லு எம்புட்டு ஒசரம்?”

“இருங்க, ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன்.”

கிணற்றடியில் சிவசங்கரனைக் கூப்பிட்டு, உயரத்துக்கு முடிச்சுப் போட்ட நூல் ஒன்றைச் சுவருக்கு மேலாக வாங்கி வந்தாள். “அன்னிக்கே அளவு நூலு குடுத்துட்டுப் போனாக. நாந்தான் மறந்துட்டேன்.”

அரசப்பன் ஒன்றும் கேட்காமல் நூலை நீட்டி அளந்துகொண்டார். இரும்பைத் தவிர இவர் மண்டையில் எதுவும் ஏறாதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

“என்ன, அங்குட்டு மிஷின் சத்தத்தையே காணோம்? வித்துத் தின்னுட்டானா?” என்றார் அவர், சுவரைப் பார்த்து.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கூடப் பிறந்தவன் தவிக்கிறான், இவருக்கு இளக்காரம். யாரோ ஒரு திருப்பத்தூர்க்காரனுக்கு இழைத்து இழைத்துச் செய்கிற கை, தம்பிக்கு என்றால் மட்டும் நீளாது.

கடைசியாக, சுற்றுகிற கைப்பிடியை இடப்பக்கமாக வைத்து முடுக்கினார். ஏன் அப்படி என்று கேட்க நினைத்தாள். வேலை முடிந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் கட்டரை அதில் மாட்டித் தீட்டினார். எல்லாப் பல்லும் ஒன்றுபோல் மின்னின. இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார்.

“காலைல மொத பஸ்ஸுல குடுத்து விட்டுர்றேங்க.”

அரசப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பஸ்ஸெல்லாம் வேண்டாம். சுவத்துக்கு மேல எட்டியும் குடுக்காத, நழுவுனா கெணத்துக்குள்ள போயிரும். வாசல் வழியாப் போயி அவன் கையிலயே குடு.”

சீதாலட்சுமி கையிலிருந்த பொட்டலத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன புள்ள பாக்குற? எடக்கைக்காரப் பயலுக்குக் கைப்பிடிய வலப்பக்கம் வச்சா எப்படிச் சுத்துவான்?”