கடலுக்குச் செல்ல வேண்டாம்

“நாகப்பட்டினம் கரையோர மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.”

டில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த ஞானமூர்த்தி, புயல் எச்சரிக்கையின் அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை வாசித்தார்.

வெளியே வந்ததும், உடன் வேலை பார்க்கும் வைத்தி பிடித்துக்கொண்டான்.

“ஏன் சார் மூணு தடவை படிச்சேள்? கடலோரத்துல பொறந்தவர் மாதிரின்னா தவிச்சுப் போயிட்டேள்!”

“சேச்சே, நான் தஞ்சாவூர் டவுன். குரல் கொஞ்சம் தடுமாறிடுத்து, அவ்வளவுதான்.”

பத்து வருடங்களாக டில்லியில் எல்லோரிடமும் அவர் அந்த ஊரைத்தான் சொல்லி வந்தார்.

அடுத்த வாரம் கிட்வாய் நகர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல், வானொலியில் யாருக்கும் தெரியாத அவருடைய சொந்தப் பெயர் இருந்தது: சிவஞானம். எழுதியிருந்தவள் தம்பி மனைவி இந்திராணி.

“மாமா, புயலன்னிக்குப் படகு எடுத்துக்கிட்டுப் போன ஒங்க தம்பி இன்னும் திரும்பல. ரேடியோவுல சொன்னத அவரும் கேட்டாரு. போவாதீங்கன்னு கால்ல விழுந்தேன். ‘டில்லியில குந்திக்கிட்டு எவனோ ஞானமூர்த்தியாம், காயிதத்தப் பாத்துப் படிக்கிறான். அவன் பேச்சக் கேட்டுப் போன மாசமும் பட்டினி கெடந்தோம், காத்தே அடிக்கல. அவனுக்குக் கடலப் பத்தி என்னாடி தெரியும்? அங்க ஆபீசுல கிளார்க்கா இருக்கே எங்கண்ணன், அது ஒரு வார்த்த சொல்லட்டும், நான் படகத் தொடமாட்டேன்’னு சொல்லிட்டுப் போனாரு.”