உறுமாத வண்டி

புது வண்டி தெருவுக்குள் வந்தபோது ஒரு நாயும் துரத்தவில்லை. அதுதான் தப்பு. முக்குத் திரும்புவதற்குள் துரத்தாவிட்டால், அந்த வண்டி அடுத்த தெரு நாய்களுக்குச் சொந்தம்.

பழைய சிவப்பு வண்டியை எட்டு வருஷம் துரத்திய செவலைக்குக் கால் நகரவில்லை. அதையே புதுசாகச் செய்திருந்தார்கள். அதே நீண்ட மூக்கு, அதே வெள்ளைக் கோடு. மின்சார வண்டி, சத்தம் மட்டும் இல்லை. யானையைப் பார்ப்பதுபோல் வாயைப் பிளந்து நின்றான்.

"அடேயப்பா, என்ன பளபளப்புடா!"

"மண்ணாங்கட்டி," என்றான் பக்கத்தில் நின்ற கருவாயன். "பழசு உறுமினா நம்ம வயிறே அதிரும். இது சக்கரம் வச்ச ஃபிரிட்ஜு."

"அந்த இடுப்பைப் பாருடா, அப்படியே இருக்கு."

"இடுப்பு கிடக்கட்டும். உறுமாததை எப்படிடா துரத்துவே?"

வண்டி முக்கை நெருங்கியது. அங்கே அடுத்த தெரு நாய்கள் எழுந்து சோம்பல் முறித்தன. அப்போதும் செவலையால் அந்த அழகிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இருவரையும் தாண்டி ஒருத்தி பாய்ந்தாள். பின்சக்கரத்தை ஒட்டி, தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டு முக்குவரை ஓடினாள். அடுத்த தெரு நாய்கள் மறுபடி படுத்துக்கொண்டன.

பழைய வண்டியைப் பார்த்தே இராதவள் அவள், போன வாரம்தான் தெருவுக்கு வந்த குட்டச்சி.