முதல் படம்

"எல்லாத்தையும் குடுங்கப்பா, நான் ஒரு வார்த்தை கேக்கல. அம்மா படத்தை மட்டும் விட்டுடுங்க."

என்றாள் மகள். பெரியவர் மியூசியச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தொழிற்சாலையில் செய்த கண்ணாடிதான். பாட்டில் செய்து பணக்காரரானவர், ஓவியம் வாங்கிப் பேர் எடுத்தவர். கடைசியில் ஒரு மியூசியம் கட்டி, வாங்கிய அத்தனையையும் அதில் மாட்டி ஊருக்கே கொடுத்துவிட்டார். இன்று திறப்பு விழா.

மற்ற படங்கள் போனதில் மகளுக்கு வருத்தமில்லை. அவள் பிறந்த கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோலச் சிரிக்கும் இந்த முகம்தான் அவளுக்கு அம்மா. பரீட்சைக்கு இதனிடம் சொல்லிக்கொண்டுதான் போவாள். கல்யாணத்தன்று இதன் முன் நின்று அழுதாள். இன்று வீட்டில் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு நேரே இங்கே ஓடிவந்திருந்தாள்.

"போறவங்க வர்றவங்க எல்லாம் வேடிக்கை பாக்கவா எங்கம்மா?"

"பாக்கவேண்டியவங்க பாக்கட்டும்மா."

"என்னைவிட யாருப்பா பாக்கவேண்டியவங்க?"

பெரியவர் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். "என்மேல கோபப்படு, பரவாயில்ல. கொஞ்ச நேரம் மட்டும் என்கூட நில்லு."

கதவு திறந்தது. கூட்டம் அறை அறையாகப் பரவியது. மியூசிய நிர்வாகி, வயதான ஒரு பெண்மணியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்.

"இவங்கதான் சார். பேப்பர்ல இந்தப் படத்தைப் பாத்துட்டு ஃபோன் பண்ணினவங்க."

பெண்மணி யாரையும் கவனிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா" என்றாள் மெதுவாக. பிறகு பக்கத்தில் நின்ற பெரியவரின் மகளிடம், "எங்கம்மாவை எங்கப்பா வரைஞ்சது. வீட்டைக் காலி பண்ணப்ப கைமாறிப் போச்சு. மறுபடி பாப்பேன்னு நினைக்கவே இல்ல" என்றாள்.

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சின்ன வயசுல, அம்மா எப்படி இருப்பாங்கன்னு கேட்டு நீ சாப்பிடாம அழுதே" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "எனக்குச் சொல்லத் தெரியல. பழைய சாமான் கடையில இந்த முகம் என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு, வாங்கிட்டு வந்துட்டேன். நான் வாங்கின முதல் படம் இதுதான்."

மகள் மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துவந்து, படத்துக்கு நேரே போட்டு, அந்தப் பெண்மணியை அதில் உட்காரவைத்தாள்.