துடித்த வால்

கூடத்துச் சுவரில் குடியிருந்த பல்லிக்கு, தரை பெருக்கும் வட்ட மெஷினைக் கண்டாலே இளக்காரம்.

"முட்டினா திரும்புற. சார்ஜ் குறைஞ்சா மூலைக்குப் போற. எல்லாம் தானா நடக்குது. இதையெல்லாம் மனசுன்னு சொல்ல முடியாதுப்பா," என்றது பல்லி.

"உனக்கு எப்படி?" என்று சோபாவுக்கு அடியிலிருந்து கேட்டது மெஷின்.

"நான் யோசிச்சுத்தான் எதையும் செய்வேன். நேத்து நான் ஒரு சத்தம் கொடுத்ததும் வீட்டுக்காரம்மா நல்ல சகுனம்னு பொண்ணுக்கு வந்த வரனையே முடிச்சுட்டாங்க, பாத்தியா?"

"என்ன யோசிச்சு சத்தம் கொடுத்த?"

"அது வந்து... தொண்டை அரிச்சுது."

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகப் பூனை பாய்ந்தது. மெஷின் கர்ரென்று வெளியே வரவும், பூனை மிரண்டு வந்த வழியே ஓடிவிட்டது. பல்லி டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வால் மட்டும் தரையில் கிடந்து துள்ளியது.

மெஷின் வாலின் அருகில் வந்து நின்றது. "இதுக்குள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல, நான் இங்க இருக்கேன். வாலை விடணும்னு நான் நினைக்கக்கூட இல்ல, அதுவா கழண்டுடுச்சு. இப்பவும் அதுவாத்தான் துடிக்குது. நீ பெருக்கிட்டுப் போ."

மெஷின் நகரவில்லை.

"ஏன் நிக்கிற?"

"தெரியல. உன் வாலாச்சே."

பல்லி டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி வாலைப் பார்த்தது. பிறகு, "சென்சார் கோளாறா இருக்கும்," என்றது.

"இருக்கும்," என்றது மெஷின். வால் அடங்கும்வரை அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது.