தானாக மூடும் கதவு

கோழிக்கூட்டின் கதவு தானாக இறங்குவதை அவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் மங்கியதும் கூரையோரத்தில் இருந்த சின்னக் கருவி டிக் என்றது. பழைய தையல் மெஷின் மோட்டார் ஒருமுறை இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. தகரக் கதவு அவசரமே இல்லாமல் அங்குலம் அங்குலமாகக் கீழே வந்தது.

ஆறு கோழிகள் ஏற்கெனவே உள்ளே கம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஏழாவதற்கு அவர் வைத்திருந்த பெயர் கண்டக்டர். எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறுவதுதான் அதன் வழக்கம். இன்றும் அப்படித்தான். இறங்கிவரும் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தி உள்ளே ஓடியது.

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர் அவர். சிரித்துவிட்டார்.

எல்லாம் மனைவியின் கைவேலை. தையல் மெஷின் பழுது பார்க்கும் கடையில் வேலை அவளுக்கு. மோட்டாரைக் கழற்றி மாட்டுவதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

மூன்று விடுமுறை நாட்களை இதற்கே செலவழித்திருந்தாள். பிளாஸ்டிக் டிரம்மில் பத்து நாள் தீவனம். கீழே பொருத்திய குழாயில் கோழிகள் கொத்தக் கொத்த அடுத்தது சரிந்து வரும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு மிதவை. குறைந்தால் அதுவே நிரப்பிக்கொள்ளும். காலையில் கதவு தானே திறக்கும், மாலையில் தானே மூடும். மூடியதும் அவளுடைய போனுக்குச் செய்தி போகும்.

வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்தாள். அதனால் பேச்சில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. ஏணி ஆடும்போதெல்லாம் போய்ப் பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும், பச்சை விளக்கு எரிந்தால் திறந்திருக்கிறது, சிவப்பு எரிந்தால் மூடியிருக்கிறது, எதையும் தொட வேண்டாம் என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கூட்டின்மேல் ஒட்டினாள். தன்னுடைய மங்கிய கண்ணை மனதில் வைத்துத்தான் அவள் இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மற்றபடி இந்த ஏற்பாடு முழுக்க அவருடைய முழங்காலுக்காக. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த இடது முழங்கால். குனிந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதை அவள் எங்கிருந்தோ கவனித்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுத் தச்சர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, இனி முட்டையையும் மெஷினே போட்டுவிடுமா என்று கேட்டார். கால் வலிக்காக வீட்டில் செய்து கொடுத்தது என்று இவர் சொன்னார். சொல்லும்போது குரலில் பெருமை தட்டியது. அவருக்கே அது கேட்டது.

கதவு தரையைத் தொட்டு நின்றது. மோட்டார் அடங்கியது.

பழக்க தோஷத்தில் குனிந்து தாழ்ப்பாளைத் தேடினார். அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.

கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேடைமேல் இருந்த போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள். மறுபடி நறுக்கினாள்.

அவர் வாசற்படியில் நின்றார். தினமும் நிற்கும் இடம்.

தினமும் இந்த நேரத்தில் அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்பாள்.

"கோழிய அடைச்சாச்சா?"

அடைச்சாச்சு என்பார். அவ்வளவுதான்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு நாளைக்குப் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்ற அன்று, இனி இந்த வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அவர் சொன்னார். மனைவி அப்படியே செய்தாள். மகள் பேச்சை எடுக்கவில்லை. மற்ற பேச்சையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள்.

சண்டை போடவில்லை. தட்டு மேஜைக்கு வந்தது, சாப்பிட வாங்க என்ற சொல் வரவில்லை. மாத்திரை தலைமாட்டில் இருந்தது, போட்டாச்சா என்ற கேள்வி இல்லை.

கோழிகள் விஷயத்தில் மட்டும் அவளால் அப்படி இருக்க முடியவில்லை. ஒரு நாள் கதவு திறந்து கிடந்தால் போதும், நாயோ பூனையோ உள்ளே புகுந்துவிடும். வாயில்லா ஜீவன்களுக்காகக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

இனி கேட்க வேண்டியதில்லை.

முழங்காலுக்காக இல்லை.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கேட்காவிட்டால் என்ன, தானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. போனுக்கு வந்து சேர்ந்துவிட்ட சேதியைத் திரும்பச் சொல்லி என்ன ஆகப்போகிறது? வேறு பேச்சு ஏதாவது எடுக்கலாம் என்று தேடினார். கால் வலியைப் பற்றி, தச்சர் கேட்டதைப் பற்றி.

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

"அவ நம்பரச் சொல்லு."

கத்தி நின்றது.

எவள் நம்பர் என்று அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். எங்கேயும் எடுத்துப் பார்க்காமல், மனப்பாடமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தாள். தடித்த விரலால் அவர் அதை அழுத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள்.

இரண்டு வருடத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

கடைசி எண்ணுக்கு முன் நிறுத்தினாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு அதையும் சொன்னாள்.