சலைன் குருவி

காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

மூன்றாவது முறையும் அது அதையேதான் சொன்னது.

கருவி புதியதல்ல. காப்புரிமை கேட்டு விண்ணப்பிப்பதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்பே நாளிதழில் வெளியாகிவிட்டது. ஆதாரமாக அந்தச் செய்தியின் நகல் இணைக்கப்பட்டிருந்தது.

நகலில் சிரித்துக்கொண்டிருந்தது அவளேதான்.

மே மாதம். செவிலியர் தினம். அரசு மருத்துவமனை வளாகத்தில் பந்தல். மேடையில் அவள், கையில் அவள் செய்த கருவி. பழைய பேப்பர்காரரிடம் வாங்கிய ஸ்பிரிங் தராசு, குருவிக் குரலில் கத்தும் ஒரு காலிங் பெல், ஒரு பேட்டரி. அவ்வளவுதான். தராசில் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டால், தீரத் தீர எடை குறையும். முள் ஏறி பெல்லின் கம்பியைத் தொடும்.

உடனே குருவி கத்தும். செவிலியர் ஓடி வந்துவிடலாம்.

நிருபர் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று படம் வரைந்து பாகம் குறித்துக் கொடுத்ததும் அவள்தான்.

பெரிய புத்திசாலி.

காப்புரிமை வக்கீல் தெய்வநாயகத்துக்கு போன் போட்டாள்.

“சார், அந்த போட்டோல இருக்கிறதே நான்தானே!”

“நீங்களே ஆனாலும் ஊருக்கே காட்டியாச்சுல்ல மேடம். மொதல்ல மனு, அப்புறம்தான் மேடை. மாத்திப் பண்ணிட்டீங்க. பதில் எழுதிப் பாக்கலாம், ஆனா கஷ்டம்.”

அன்று கைதட்டியவர்களில் மருத்துவக் கருவி கம்பெனிக்காரன் ஒருவனும் இருந்தான். நாலு பக்கமும் சுற்றி வந்து படம் எடுத்தான். “சூப்பர் சிஸ்டர்” என்றான். அவளும் வெட்கமில்லாமல் பூரித்துப் போனாள்.

போன வாரம் அந்தக் கம்பெனியிடமிருந்து பெரிய டாக்டருக்குக் கடிதம் வந்தது. இது எங்கள் கண்டுபிடிப்பு, விண்ணப்பித்திருக்கிறோம், உடனே கழற்றுங்கள்.

பெரிய டாக்டர் பயந்த சுபாவம். ஒரே காலையில் வார்டின் இருபத்திரண்டு குருவிகளும் அட்டைப்பெட்டிக்குள் போயின.

நேற்று பதினான்காம் படுக்கைப் பெரியவரின் பாட்டில் தீர்ந்துபோனது. யாரும் பார்க்கவில்லை. ரத்தம் டியூபில் ஏறி உறைந்துவிட்டது. வற்றிப்போன கையில் வேறு நரம்பு கிடைப்பதற்குள் ஐந்து முறை குத்த வேண்டியதாயிற்று.

“பரவாயில்லம்மா” என்றார் பெரியவர்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செவிலியர் அறைப் பலகையில் அந்த நாளிதழ்ப் பக்கத்தைக் குத்தி வைத்திருந்தார்கள். எழுந்துபோய்ப் பிடுங்கினாள். இரண்டாகக் கிழித்தாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

“மேடம்? என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்ல சார். அந்தக் கம்பெனிக்காரன் எப்ப மனு போட்டானாம்?”

“அவங்க லெட்டர்லயே இருக்கே. நீங்க மேடை ஏறின அதே வருஷம், செப்டம்பர்.”

அவள் கையிலிருந்த பாதித் தாளைப் பார்த்தாள். மே.

“அப்ப அவனுதும் புதுசு இல்லையே சார்.”

வக்கீல் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஆட்சேபணை போடலாம். அந்தப் பேப்பரே போதும், அவங்களுக்குக் கிடைக்காது. ஆனா மேடம், அதை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா உங்க மனுவும் அதோட முடிஞ்சது. அப்புறம் அது யாருதும் இல்ல. யார் வேணும்னாலும் செய்வான்.”

“யார் வேணும்னாலுமா?”

“யார் வேணும்னாலும்.”

எரிச்சலாக வந்தது. மூன்று வருட உழைப்பு. எத்தனை தராசு, எத்தனை பேட்டரி. தன் பெயர் ஒரு சான்றிதழில் அச்சாகி வரும் என்று அவள் அற்பமாக, ஆசையாக நினைத்திருந்தாள்.

“சிஸ்டர்! சிஸ்டர்! பாட்டில் தீந்திருச்சு!”

வார்டிலிருந்து ஒரு பெண் அலறினாள்.

போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். நல்லவேளை, ரத்தம் ஏறவில்லை. புதுப் பாட்டிலை மாட்டினாள். சொட்டு விழுகிறதா என்று பார்த்தாள்.

திரும்பி வந்தபோது வக்கீல் வைத்துவிட்டிருந்தார்.

டிரஸ்ஸிங் டிரேயிலிருந்து பிளாஸ்டரை எடுத்தாள். கிழிந்த இரண்டு துண்டுகளையும் மேசைமேல் சேர்த்து வைத்தாள்.

பிளாஸ்டர் அவளுடைய சிரிப்பின் குறுக்கே போனது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

மேலே இருந்த தேதி மறைந்துவிடாமல் மட்டும் பார்த்து ஒட்டினாள்.